ரோசியின் நாள்கூலி

மலையாள சினிமாவுக்கு ஒரு தந்தை உண்டு, ஜே.சி.டேனியல். அவர் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது கொடுக்கிறது. தமிழ் சினிமாவுக்கும் ஒரு தந்தை உண்டு, நடராஜ முதலியார். இந்திய சினிமாவுக்கு ஒட்டுமொத்தமாக ஒரு தந்தை, தாதா சாகேப் பால்கே. எங்கே திரும்பினாலும் தந்தைமார்கள். சரி, சுமை தூக்கியது யாரு, சோறு பொங்கியது யாரு, வெயிலில் நின்றது யாரு என்று கேட்டுப் பாருங்கள். சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள்.

இந்தத் தந்தைமார் வரலாறு எனக்குப் பட்டா நிலத்தின் வரலாறு போலத்தான் படுகிறது. நிலம் யார் பேரில் இருக்கிறதோ விளைச்சலும் அவர் பேரில்தான். நாற்று நட்டவள் பேர் எந்தப் பத்திரத்திலும் ஏறாது. முதல் போட்டவர், கேமரா வாங்கியவர், கடன்பட்டு நொடிந்தவர், இவர்களுக்கெல்லாம் வரலாறு இருக்கிறது. கூலிக்கு வந்தவர்களுக்குக் கதை மட்டும் இருக்கிறது. அதுவும் கண்ணீர்க்கதை.

அப்படிக் கூலிக்கு வந்த ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பி.கே.ரோசி. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தின் கதாநாயகி. புலையர் சாதியில் பிறந்தவர். நம் தோழர்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். முதல் காட்சியில் கல்லெறி, எரிந்த குடிசை, ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டம், இதுவும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் கேட்டதும் இல்லை. ரோசியைப் பலியானவராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அவரைத் தொழிலாளியாக நினைவில் வைக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. இரண்டுக்கும் நடுவில் பெரிய அரசியல் இருக்கிறது.

ரோசி 1903-இல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் பிறந்தவர். இயற்பெயர் ராஜம்மா. வயிற்றுப்பாட்டுக்குப் புல் அறுத்து விற்றவர். இதை எல்லாரும் எழுதுகிறார்கள், புல்லறுக்கும் பெண் ஒருத்தி திடீரென்று நடிகை ஆகிவிட்டாள் என்பது போல. ஆனால் டேனியல் ரோசியைப் புல்வெளியில் கண்டெடுக்கவில்லை. ரோசி ஏற்கெனவே மேடை ஏறிய கலைஞர். காக்காரிசி நாடகம் ஆடியவர்.

காக்காரிசி என்பது தெற்குத் திருவிதாங்கூரில் உழைக்கும் சாதிகள் ஆடிவந்த கூத்து. சிவனும் பார்வதியும் குறவன் குறத்தி மாதிரி ஊர் சுற்றும் காக்காலன், காக்காத்தியாக வருவார்கள். குறி சொல்வார்கள், ஊர்ப் பெரிய மனுசனைக் கிண்டல் பண்ணுவார்கள். பாட்டில் பாதி தமிழ், பாதி மலையாளம். காக்காத்தி வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த கூத்து அது. அதில் பெண்ணாக மேடை ஏறிய முன்னோடிகளில் ஒருவர் ரோசி என்று சொல்லப்படுகிறது. ஆடவும் பாடவும் கூட்டத்தை எதிர்கொள்ளவும் பழகியவர் அவர். நாடகக் கம்பெனிகளுக்குத் தேவைப்பட்டவர். சினிமாவுக்கு அவர் கொண்டு வந்தது அந்தப் பயிற்சியை. 'அப்பாவிப் பெண்' என்று எழுதுகிறவர்கள் முதலில் திருடுவது இந்தத் திறமையைத்தான்.

டேனியல் 1926 வாக்கில் திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' தொடங்கினார். அகஸ்தீஸ்வரத்து நிலத்தை விற்ற காசு. கதாநாயகி வேண்டும். முதலில் எங்கே தேடினார்? பம்பாயில். லானா என்கிற நடிகை அங்கிருந்து வரவழைக்கப்பட்டார், வசதிகள் பிடிக்காமல் திரும்பிப் போனார் என்று டேனியலின் வாழ்க்கையை எழுதிய சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் பதிவு செய்திருக்கிறார். கறுத்த மண்ணின் கதைக்கு வடக்கேயிருந்து சிவப்பு நாயகியை இறக்குமதி செய்கிற வழக்கம் முதல் படத்திலேயே ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கும் கோடம்பாக்கத்தில் அந்த ரயில் நிற்கவில்லை, விமானமாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பம்பாய்க்காரி போன பிறகுதான் ரோசி வந்தார். வேடம் சரோஜினி, நாயர் வீட்டுப் பெண். சின்ன வயதில் இலங்கைக்குக் கடத்தப்பட்ட பையன் ஒருவனின் தங்கை. நாயகன் வேடம் டேனியலுக்கே. நாள் ஒன்றுக்கு ரோசிக்கு 5 ரூபாய் கூலி என்று சொல்லப்படுகிறது. காலையில் வருவார், மத்தியானச் சோற்றை வீட்டிலிருந்தே எடுத்து வருவார், பொழுது சாயும்போது வீட்டுக்கு நடப்பார். கொத்து வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணின் நாளும் இதே மாதிரிதான். எனக்கு இந்தச் சோற்றுப் பாத்திரம் முக்கியமாகப் படுகிறது. திரையில் நாயர் வீட்டு எசமானி, இடைவேளையில் சொந்தச் சோறு.

சூரிய வெளிச்சத்தில் படம் பிடித்த காலம் அது. மேகம் மறைத்தால் வேலை நிற்கும். சத்தம் கிடையாது. கண்ணும் கையும் நடையும்தான் வசனம். காக்காத்தியாக ஆடிய பெண், நாயர் பெண்ணின் நடையையும் அமர்வையும் பார்வையையும் உடம்பில் ஏற்றினார். வாழ்க்கை முழுக்க ஒதுங்கி நின்று பார்த்த வர்க்கத்தின் உடல்மொழியை நடித்துக் காட்டினார். எசமானியை அடிமை கவனிக்கிற அளவுக்கு அடிமையை எசமானி கவனிப்பதில்லை. அந்தக் கவனிப்புத்தான் ரோசியின் நடிப்புக்கு மூலதனம்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்று ஒரு கணக்கு, 1930 என்று இன்னொரு கணக்கு. ஆய்வாளர்கள் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் என்ன நடந்தது என்பதில் சண்டை இல்லை. திறந்து வைக்க வந்த வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை, ரோசி அரங்கில் இருந்தால் வரமாட்டேன் என்றார். தன் படத்தின் முதல் காட்சியைப் பார்க்க ரோசிக்கு உரிமை இல்லை. படம் ஓடியது. நாயகியின் கூந்தல் பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்தது. கூட்டம் பொங்கியது. கல் பறந்தது, திரை கிழிந்தது. பிறகு அவர் வாழ்ந்த குடிசைக்குத் தீ வைத்தார்கள். ரோசி தப்பினார். நாகர்கோவில் பக்கம் போகும் லாரி ஒன்றில் ஏறினார். அத்தோடு சினிமா முடிந்தது. ஒரே படம்.

ஏன் இந்தக் கோபம்? 'பெண் நடித்தாள், அதனால் கோபம்' என்று சிலர் பூசி மெழுகுகிறார்கள். இதைச் சோதித்துப் பார்க்க பம்பாய்க்குப் போவோம்.

1913-இல் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'. அதில் அரிச்சந்திரன் மனைவியாக நடித்தது சாலுங்கே என்ற ஆண். பம்பாய் கிராண்ட் ரோட்டில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தவர். மாசம் 10 ரூபாய் வாங்கியவரைப் பால்கே 15 ரூபாய்க்கு அழைத்து வந்தார் என்று சொல்வார்கள். 1917-இல் 'லங்கா தகன்' படத்தில் அதே சாலுங்கே ராமனும் ஆனார், சீதையும் ஆனார். ஓட்டல் தொழிலாளி மகாராணி ஆகலாம். ஆண் பெண் ஆகலாம். ஒரே ஆள் புருசனும் பொண்டாட்டியும் ஆகலாம். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது, கல்லை எடுக்கவில்லை. 1913-லேயே 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்தார்கள். பெண்கள் திரைக்கு வருவதைப் பழிக்காத ஊர் இல்லை, உண்மைதான். ஆனால் ஊரை விட்டே ஓடும்படி வீட்டைக் கொளுத்தவில்லை. நடிப்பு என்றால் வேறொருவராக மாறுவது என்பது எல்லாருக்கும் புரிந்துதான் இருந்தது. ரோசி மாறியபோது மட்டும் புரியாமல் போனது.

அப்படியென்றால் அந்தத் திரையில் சாதி இந்துக்கள் எதைப் பார்த்தார்கள்? துணியைப் பார்த்தார்கள், நகையைப் பார்த்தார்கள், பூவைப் பார்த்தார்கள். திருவிதாங்கூரில் இது சின்ன விசயம் இல்லை. அதே நாட்டில்தான் நாடார் பெண்கள் மார்பை மூடத் தோள்சீலைக்காக 1822 முதல் 1859 வரை அடிபட்டார்கள். அதே நாட்டில்தான் புலையர் பெண்கள் துணியும் பொன்னும் இல்லாமல், கழுத்தில் அடிமை அடையாளமாகக் கல்மாலை சுமந்தார்கள். 1915-இல் கொல்லத்தில் அய்யன்காளி முன்னிலையில் நம் பெண்கள் அந்தக் கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். அதற்கு முன்பு பெரிநாட்டில் சேரிகள் எரிந்தன. ரோசிக்கு அப்போது வயது 12. அந்தத் தலைமுறைப் பெண் அவர். கல்மாலையை அறுத்தெறிந்த சமூகத்தின் பெண் ஒருத்தி, வெள்ளைத் திரையில் நாயர் நகையோடும் பூவோடும் நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று மேல்சாதிக்காரனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. வேடம் கட்டினால் யாரும் நாயர் ஆகலாம் என்றால், நாயர் என்பதே ஒரு வேடம்தானே? அந்தக் கேள்விக்குத்தான் கல் விழுந்தது.

புராணப் படமாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். தேவலோகம் யாருக்கும் சொந்த வீடு இல்லை. 'விகதகுமாரன்' சமூகக் கதை. திரையில் தெரிந்தது அவர்கள் வீட்டு முற்றம்.

டேனியலைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். புலையப் பெண்ணை நாயர் வேடத்துக்கு நிறுத்தத் துணிந்தவர் அவர். சொத்தை இழந்தார், ஸ்டூடியோவை மூடினார், பல் வைத்தியராகப் பிழைத்தார், 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். அவரும் நாடார், நாயர் பிரபு இல்லை. அவருக்கு விருது வைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே கல்வீச்சில் அவர் இழந்தது முதல், ரோசி இழந்தது தொழிலும் ஊரும் பெயரும். முதலை இழந்தவருக்குத் 'தந்தை' பட்டம் வந்து சேர்ந்தது. மற்றவை எல்லாம் இழந்தவர் நெடுங்காலம் ஒரு அடிக்குறிப்பாகவே கிடந்தார்.

இனி நாகர்கோவிலுக்கு வருவோம். 'ரோசி தமிழ்நாட்டுக்கு ஓடினாள்' என்று எழுதுகிறார்கள். அன்றைக்கு நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது. ரோசி எல்லை தாண்டவில்லை. எல்லைதான் அவரைத் தாண்டியது. லாரி ஓட்டியவரையே கலியாணம் செய்தார், ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார், பிள்ளைகள் பெற்றார், 1980-களின் கடைசியில் இறந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம்ம மண்ணில் வாழ்ந்திருக்கிறார். கணவர் நாயர். பிள்ளைகளும் நாயர் அடையாளத்திலேயே வளர்ந்தார்கள். அம்மாவின் சினிமா வீட்டுக்குள் பேசப்படாத விசயம் ஆயிற்று.

இதை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியபோது ஒரு மாணவி சட்டென்று கேட்டாள்: "அப்படின்னா அவங்க சாதிய மறைச்சு வாழ்ந்தவங்கதானே தோழர்? அவங்கள எப்படி நாம கொண்டாடுறது?" சுற்றி இருந்தவர்கள் முகத்தில் சங்கடம். நல்ல கேள்வி. நம்மில் பலர் கேட்கத் தயங்குகிற கேள்வி.

என் பதில் இது. திரையில் நாயராக நடித்ததற்குக் குடிசையைக் கொளுத்தினார்கள். பிறகு அறுபது வருசத்துக்கு அருகில் அவர் அதே வேடத்தை வாழ்க்கையில் நடிக்க வேண்டி வந்தது, இந்தத் தடவை கூலி இல்லாமல், கைதட்டல் இல்லாமல், ஒரு நாள்கூட விடுப்பு இல்லாமல். வாடகை வீடு கிடைக்கப் பெயரை மாற்றிச் சொல்கிற நம் பிள்ளைகளை, அலுவலகத்தில் ஊர்ப் பேரை விழுங்குகிற நம் அண்ணன் தம்பிகளை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. மறைக்க வைத்தவனைக் கேட்காமல் மறைத்தவரைக் கேட்பது சாதி நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ரோசியிடம் வீரத்தை மட்டும் எதிர்பார்க்கிறவர்கள் அவர் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். உயிரோடு இருப்பதும் ஒரு வேலை.

ரோசியை மீட்டெடுத்தவர்கள் யார்? பேராசிரியர் கூட்டம் இல்லை. பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் டேனியலைத் தேடிப்போன வழியில் ரோசியையும் கண்டார். தலித் எழுத்தாளர் குன்னுகுழி எஸ்.மணி 1970-களின் தொடக்கத்திலிருந்தே ரோசியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார், யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2008-இல் வினு ஆபிரகாம் 'நஷ்ட நாயிகா' என்று நாவல் எழுதினார். 2013-இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்டு' படம் வந்த பிறகுதான் ஊர் முழுக்கப் பெயர் பரவியது. 2023 பிப்ரவரி 10-இல் கூகுள் தன் முகப்பில் ரோசியின் சித்திரத்தைப் போட்டது.

'செல்லுலாய்டு' என்ன செய்தது? டேனியலைத் தியாகி ஆக்கியது. ரோசியைப் பயந்த கண்களோடு எசமான் முன்னால் குறுகி நிற்கும் பெண் ஆக்கியது. மேடையில் கூட்டத்தை ஆண்ட காக்காத்தி அந்தப் படத்தில் எங்கே போனாள்? ஜெனி ரொவீனா அப்போதே இதை விமர்சித்து எழுதினார். இன்றைக்காவது ஒரு தலித் பெண் மலையாளத் திரையில் நாயர் வேடம் கட்ட முடியுமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. அதை நாம் தமிழிலும் கேட்க வேண்டும். சேரிக் கதை எடுக்கும்போதுகூட நாயகிக்குக் கறுப்பு மை பூசுகிறோமே தவிர, கறுத்த பெண்ணைத் தேடுகிறோமா?

பலியாக நினைப்பதற்கும் தொழிலாளியாக நினைப்பதற்கும் நடுவில் இருக்கிற அரசியலுக்கு இப்போது வருகிறேன். பலிக்கு அஞ்சலி செலுத்தலாம், மாலை போடலாம், முகப்பில் சித்திரம் போடலாம். யாருக்கும் செலவில்லை. தொழிலாளி என்றால் கணக்குக் கேட்க வேண்டிவரும். கூலி எவ்வளவு? ஒப்பந்தம் எங்கே? சோறு யார் போட்டது? பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? வேலை போன பிறகு யார் விசாரித்தது?

மலையாளத்தில் 2017-இல் உருவான சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு இந்தக் கணக்கைக் கேட்டது. 2019-இல் அவர்கள் தங்கள் திரைப்படச் சங்கத்துக்கு ரோசியின் பெயரை வைத்தார்கள். அவர்கள் கொடுத்த அழுத்தத்தால் அமைந்த ஹேமா குழுவின் அறிக்கை 2019 கடைசியில் அரசு கைக்குப் போய், 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருசம் அலமாரியில் தூங்கியது. பாலியல் கொடுமைகளைப் பற்றி நாடே பேசியது, பேச வேண்டியதுதான். ஆனால் அதே அறிக்கையில் துணை நடிகைகளைப் பற்றி இருக்கிறது. கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை, ஒன்றுக்குப் போக வழியில்லாததால் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள். அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ரோசி சோறு கொண்டு போன காலத்திலிருந்து ஏறக்குறைய நூறு வருசம் ஆகிவிட்டது. முதல் நாயகிக்கு இருந்த நிலை இன்று துணை நடிகைக்கு இறங்கியிருக்கிறது, ஒழியவில்லை.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ரோசியின் பெயரில் திரைவிழா நடத்துகிறது, நெஞ்சு நிறைகிறது. ஆனால் 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் கார் சாகசக் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் செத்தார். அது நம் அரசியலைப் பேசுகிற இயக்குநரின் படம். அதனால் பேசாமல் இருந்துவிட முடியுமா? திரையில் நம் கதை வந்துவிட்டால் போதும், திரைக்குப் பின்னால் எவன் செத்தால் என்ன என்று இருந்தால் நமக்கும் தந்தைமார் வரலாற்றுக்கும் வித்தியாசம் கிடையாது. நம்ம ஆள் எடுக்கிற படத்தில்தான் நாம் முதலில் கணக்குக் கேட்க வேண்டும். கேட்கிற உரிமையும் அங்கேதான் அதிகம்.

ஆய்வு செய்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இயக்குநர், நடிகர் பெயர்களை விட்டுவிட்டுத் தேடுங்கள். மௌனப்பட காலத்தில் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்கள், வண்டியில் டூரிங் டாக்கீஸ் கூடாரம் ஏற்றிப் போனவர்கள், வெளிச்சத்தைத் திருப்ப ஜிகினாத்தாள் ஒட்டிய பலகை பிடித்து வெயிலில் நின்றவர்கள். பால்கேயின் மனைவி சரஸ்வதிபாய் படச்சுருளுக்குக் கையால் துளையிட்டார், மருந்தில் கழுவினார், படப்பிடிப்பு ஆட்கள் அத்தனை பேருக்கும் சமைத்தார். அவரை யாரும் இந்திய சினிமாவின் தாய் என்று எழுதவில்லை. பால்கே வீட்டுப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால் நம் சேரியிலிருந்து போனவர்கள் பெயர் எந்தச் சுவடியில் இருக்கும்? நம் ஊர்க் கிழவிகள் வாயில் இருக்கும். சீக்கிரம் போய்க் கேளுங்கள். அவர்கள் ரொம்ப நாள் இருக்கமாட்டார்கள்.

'விகதகுமாரன்' படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ரோசி எப்படி நடித்தார் என்பதை யாரும் இனிப் பார்க்க முடியாது. அவர்கள் எறிந்த கல்லும் வைத்த தீயும்தான் அந்த நடிப்புக்கு இன்று மிஞ்சியிருக்கிற ஒரே சாட்சி. மோசமாக நடித்திருந்தால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் பயந்துபோகும் அளவுக்கு ரோசி தன் வேலையைச் செய்திருக்கிறார். நாள் ஒன்றுக்கு 5 ரூபாய்க்கு.